வாசகர் கேள்வி – பதில்: பல் விளக்கினால் ஈற்றில் ரத்தம்

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து ஈறு, பல் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பல் மருத்துவக் குழுவினர் பதில் எழுதுகிறார்கள். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

கே: எனக்கு வயது 38. ஒரு மாதமாகக் காலையில் பல் விளக்கித் துப்பினால் ரத்தம் கலந்து வருகிறது. கீழ்வரிசை முன்பற்களின் உள்பக்கம்தான் அதிகம். வலி இல்லை. அந்த இடத்தில் பிரஷ் படாமல் விட்டால் நின்றுவிடுகிறது. திரும்பத் தேய்த்தால் வருகிறது. மூன்று பேஸ்ட் மாற்றிப் பார்த்துவிட்டேன்.
– வாசகி, கானாடுகாத்தான்

ப: பிரஷ் படாமல் விடுகிறீர்களே, அங்கேதான் சிக்கல். பேஸ்ட்டில் ஒன்றுமில்லை.

கையில் வெட்டுப்பட்டால் அந்த இடத்தைத் தொடாமல் ஆறவிடுவோம். ஈற்றுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் கிருமிகள் ஒட்டி வளர்கிற படலம் ஒன்று தினமும் சேர்கிறது. காலையில் எழுந்ததும் நாக்கால் பல்லைத் தடவினால் கொழகொழவென்று படுவது அதுதான். அது அங்கேயே கிடந்தால் ஈறு எதிர்த்து நிற்கப் பார்க்கிறது. அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் கூடி, நுண்ணிய குழாய்கள் புடைத்து, ஈற்றின் உள்விளிம்புத் தோல் மெலிந்து அங்கங்கே பிய்ந்துவிடுகிறது. ஏற்கெனவே வீங்கிக்கிடந்த இடம் என்பதால்தான் பிரஷ் பட்டதும் கசிகிறது. பயந்து அந்தப் பக்கத்தை விட்டால் ரத்தம் நிற்கும், படலம் தடிக்கும், அடுத்த முறை இன்னும் லேசாகப் பட்டாலே கசியும்.

1965-ல் ஹரால்ட் லோ என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் டென்மார்க்கில் ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் விளக்காமல் இருக்கச் சொல்லிப் பார்த்தார்கள். 10 முதல் 21 நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி வந்தது. திரும்ப விளக்கத் தொடங்கியதும் ஒரு வாரம், பத்து நாளில் ஈறு பழைய நிலைக்கு வந்துவிட்டது. மருந்து எதுவும் தேவைப்படவில்லை. உங்களுக்கும் கணக்கு ஏறக்குறைய இதுதான்.

செய்ய வேண்டியது இது. ‘சாஃப்ட்’ என்று போட்ட, தலை சிறிய பிரஷ் வாங்குங்கள். பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும். விளம்பரத்தில் காட்டுவதுபோல் முழு நீளத்துக்கும் பிதுக்க வேண்டாம். ஃப்ளூரைடு உள்ளதா என்று மட்டும் அட்டையில் பாருங்கள். பிரஷ்ஷை விளக்குமாறு பிடிப்பதுபோல் பிடிக்காமல், பேனா பிடிப்பதுபோல் விரல்நுனியில் பிடியுங்கள். இழைகள் பாதி பல்லிலும் பாதி ஈற்று விளிம்பிலும் படும்படி 45 பாகை சாய்த்து வைத்து, வைத்த இடத்திலேயே பத்துத் தடவை சின்னதாக அதிரவிடுங்கள். இழைநுனி ஈற்று மடிப்புக்குள் சற்று நுழைய வேண்டும். பிறகு அடுத்த இரண்டு மூன்று பல்லுக்கு நகருங்கள். கீழ் முன்பல் உள்பக்கத்துக்கு மட்டும் பிரஷ்ஷைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் மூக்குப்பகுதியால் ஒவ்வொரு பல்லாக மேல்நோக்கி இழுங்கள். மொத்தம் 2 நிமிடம். அதில் முதல் அரை நிமிடத்தை ரத்தம் வருகிற இடத்துக்கே கொடுங்கள். எல்லாரும் கடைசியில் அவசரமாக முடிக்கிற இடம் அதுதான்.

இரவு விளக்குவது காலையைவிட முக்கியம். தூங்கும்போது எச்சில் ஊறுவது மிகவும் குறைந்துவிடுவதால் கிருமிக்கு அது அறுவடைக் காலம். இரவு பால் குடித்தால்தான் தூக்கம் வரும் என்றால், குடித்துவிட்டு விளக்குங்கள்.

முதல் மூன்று நாலு நாள் ரத்தம் முன்பைவிடக் கூடுதலாகக்கூட வரலாம். நிறுத்தாதீர்கள். ஏழெட்டாம் நாள் வாக்கில் குறையும். இரண்டு வாரத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அங்கே காரை, அதாவது கல்லாக இறுகிய படலம், கட்டியிருக்கக்கூடும். நாக்குக்கு அடியில் எச்சில் சுரப்பிக் குழாய் திறப்பதால் கீழ் முன்பற்களின் உள்பக்கமும், கன்னத்தில் இன்னொரு குழாய் திறக்கிற மேல் கடைவாய்ப் பல்லின் வெளிப்பக்கமும் சீக்கிரம் காரை கட்டுகிற இடங்கள். எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து, எடுக்காமல் விட்ட படலத்தில் ஓரிரு நாளிலேயே ஏறத் தொடங்கிவிடும். கல்லாகிவிட்டால் எந்த பிரஷ்ஷும் எடுக்காது. பல் மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

ஈறு நன்றாக இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘நல்ல ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும்’ என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். நம் ஊரில் நிறையப் பேருக்குப் பிறவியிலேயே ஈறு மாநிறமாகவோ கறுப்புத் திட்டோடோ இருக்கும், அது நோயல்ல. நிறத்தை விடுங்கள், விளிம்பைப் பாருங்கள். நல்ல ஈறு கத்திமுனைபோல் மெல்லியதாகப் பல்லோடு படிந்திருக்கும். இரண்டு பல்லுக்கு நடுவே கூர்மையான முக்கோணமாக ஏறியிருக்கும். உலர்த்திப் பார்த்தால் சாத்துக்குடித் தோல்போலப் புள்ளி புள்ளியாகத் தெரியும். கெட்ட ஈறு உருண்டு, பளபளத்து, நடு முக்கோணம் கொப்பளம்போல் உப்பியிருக்கும்.

கே: மருந்துக்கடையில் ‘வைட்டமின் சி குறைவு’ என்று சப்பும் மாத்திரை கொடுத்தார்கள். ஒரு அட்டை முடிந்துவிட்டது. ரத்தம் நிற்கவில்லையே?
– வாசகர், பள்ளத்தூர்

ப: நிற்காது. வைட்டமின் சி அறவே இல்லாமல் பல வாரம், சில மாதம் கழித்துத்தான் ஸ்கர்வி வரும். பழமும் காயும் இல்லாமல் மாதக்கணக்கில் கப்பலில் போன மாலுமிகளுக்கு வந்த நோய் அது; 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துக் குணமாவதைக் காட்டினார். வாரத்தில் நாலு நாள் எலுமிச்சைச் சாறோ கொய்யாவோ நெல்லிக்காயோ வயிற்றுக்குப் போகிற வீட்டில் ஸ்கர்வி வருவது அபூர்வம். மாத்திரையைச் சப்பிச் சப்பி, அதில் உள்ள புளிப்பில் பல் எனாமல் கரைவதுதான் மிச்சம்.

கே: அப்பச்சிக்கு 62 வயது. நாற்பது வருடமாக சிகரெட். கீழே இரண்டு பல் ஆடுகிறது, ஆனால் ரத்தம் ஒரு நாளும் வந்ததில்லை. ‘என் ஈறு கெட்டி’ என்கிறார். பல்லைச் சுத்தம் பண்ணிக்கொள்ளச் சொன்னால், மெஷின் வைத்தால் இருக்கிற பல்லும் ஆடும் என்று மறுக்கிறார். உண்மையா?
– வாசகர், தேவகோட்டை

ப: இரண்டு கேள்வி இருக்கிறது. முதலில் ரத்தம் வராதது. புகையிலை ஈற்று ரத்தக்குழாய்களைச் சுருக்கி வைக்கிறது. உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும்போதுகூட மேலே ரத்தம் வராது, ஈறு வெளிறிக் கெட்டியாகவே தெரியும். மற்றவர்களுக்கு ரத்தம் முன்கூட்டி எச்சரிக்கிறது. புகைப்பவருக்கு அந்த எச்சரிக்கை அடைபட்டுவிடுகிறது. பல் ஆடுகிறது என்றால் கதை முன்னாலேயே நடந்திருக்கிறது. சிகரெட்டை விட்ட முதல் சில வாரத்தில் சிலருக்கு ஈறு கசியத் தொடங்கும். ‘விட்டதால்தான் வந்தது’ என்று திரும்பப் பற்றவைத்துவிட வேண்டாம்.

அடுத்தது மெஷின். அல்ட்ராசோனிக் ஸ்கேலரின் நுனி வினாடிக்கு சுமார் 25,000 தடவைக்கு மேல் மிக நுண்ணிய அளவில் அதிர்ந்து, தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே காரையை உடைத்து உதிர்க்கிறது. பல்லைச் சுரண்டாது, நெம்பாது. அப்படியானால் சுத்தம் செய்த பிறகு பல் ஆடுவதாகவும் சந்து விழுந்ததாகவும் தோன்றுவது ஏன்? எலும்பு கரைந்த இடத்தில் ஈறும் இறங்கிவிட, அந்த வெற்றிடத்தைக் காரை சிமெண்ட் பூச்சுபோல் நிரப்பி, நாலைந்து பல்லை ஒன்றாகக் கட்டிவைத்திருக்கும். அதை எடுத்ததும் இருந்த சந்தும் இருந்த ஆட்டமும் வெளியே தெரிகின்றன. செல்லரித்த உத்திரத்துக்கு மேல் சுண்ணாம்பு அடித்துவைத்த கதை. சுண்ணாம்பைச் சுரண்டியவரையா குற்றம் சொல்வது? வேர் திறந்த இடத்தில் பச்சைத்தண்ணீர் பட்டால் சில நாள் கூசும். கூச்சத்துக்கான பேஸ்ட் போட்டால் அடங்கும்.

அப்பச்சிக்கு மேலோட்டமான சுத்தம் மட்டும் போதாது. பல் மருத்துவர் நுனியில் அரை மில்லிமீட்டர் உருண்டை வைத்த மெல்லிய அளவுகோலை ஈற்றுக்கும் பல்லுக்கும் நடுவே இறக்கி, ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆழம் பார்ப்பார். 3 மி.மீ. வரை நல்லது. 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் பை விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த ஆழத்துக்கு பிரஷ் எட்டாது. எக்ஸ்ரேயில் எலும்பு எவ்வளவு மிச்சம் என்று தெரியும். மரத்துப்போகும் ஊசி போட்டு, ஈற்றுக்கு அடியில் வேர் மேலுள்ள காரையை எடுப்பார்கள். இரண்டு மூன்று மாதம் கழித்துத் திரும்ப அளந்து, ஆழம் குறையாத இடத்துக்கு மட்டும் ஈற்றைத் திறந்து அறுவைச் சிகிச்சை. கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது. கரைவதை நிறுத்தலாம், அந்த இரண்டு பல்லைக் காப்பாற்ற முடியுமா என்பது மிச்சமுள்ள எலும்பைப் பொறுத்தது. அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒரு முறை போய்க் காட்ட வேண்டும். இதைச் செய்யாமல் விடுவதால்தான் சிகிச்சை ‘பலிக்கவில்லை’ என்கிறார்கள்.

கே: நல்லெண்ணெய் கொப்பளிப்பது, கல்லுப்பு வைத்துத் தேய்ப்பது, வேப்பங்குச்சி, உமிக்கரி – எது ஈற்றுக்கு நல்லது?
– வாசகி, காரைக்குடி

ப: ஒவ்வொன்றாக.

நல்லெண்ணெய்: செக்கு எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, பத்துப் பதினைந்து நிமிடம் வாயில் சுழற்றித் துப்பினால் படலம் ஓரளவு குறைகிறது. விளக்குவதற்கு மேலே ஒரு கூடுதல் என்று வைத்துக்கொள்ளலாம், பதிலாக அல்ல. காரையை அது கரைக்காது. விழுங்கக் கூடாது. புரையேறுகிற வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளும் செய்ய வேண்டாம், எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் ஆபத்து.

உப்பு: ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத் தேக்கரண்டி போட்டுக் கொப்பளிப்பது இதம். வீக்கம் சற்றுத் தணியும். விரலில் வைத்துத் தேய்த்தால் எனாமல் போகும். உமிக்கரி, செங்கல்தூள், சாம்பல், கடையில் விற்கிற கரகரப்பான பற்பொடி எல்லாம் அதே ரகம். பல்லின் கழுத்தில், ஈற்றை ஒட்டி, அரிவாளால் கொத்தியதுபோல் பள்ளம் விழுந்திருக்கிறவர்களைக் கேட்டால் பாதிக்கதை பொடியில் போய் முடியும், மீதிக்கதை கெட்டி பிரஷ்ஷில். புகையிலை கலந்த பற்பொடியும் பேஸ்ட்டும் இந்தியாவில் 1992-லேயே தடை செய்யப்பட்டவை. ஆனாலும் புகையிலைத் தூளையே ஈற்றில் தேய்க்கிற பழக்கம் போகவில்லை.

வேப்பங்குச்சி: ‘ஆலும் வேலும் பல்லுக்குறுதி’ என்பதில் வேல் கருவேலம்தான், வேம்பு அல்ல; ஆனாலும் குச்சியைப் பற்றிச் சும்மா சொல்லவில்லை. சுண்டுவிரல் கனத்துக்குப் பச்சைக்குச்சி ஒடித்து, நுனியைத் தும்பாகும்வரை மென்று, அந்தத் தும்பால் ஈற்றிலிருந்து பல்நுனியை நோக்கித் தேய்த்தால் நல்ல பலன். காய்ந்த குச்சியை மெல்லாமல் குறுக்கே இழுத்தால் ஈறு கிழியும். இன்னொன்று, குச்சியால் கடைவாய்ப் பல்லின் உள்பக்கம் எட்டுவது கடினம். குச்சிக்காரர்களுக்கு வெளிப்பக்கம் மின்னும், உள்பக்கம் காரை மண்டியிருக்கும்.

கே: பல் மருத்துவர் எழுதிக்கொடுத்த குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு மருந்தை நாலு மாதமாக விடாமல் போடுகிறேன். ரத்தம் இல்லை. பல் பழுப்பாகிவிட்டது, சாப்பாட்டில் உப்பு தெரிவதில்லை.
– வாசகர், பொன்னமராவதி

ப: இரண்டுமே அந்த மருந்தின் பக்கவிளைவு. வழக்கமாக 0.2 சதவீத மருந்து, வேளைக்கு 10 மி.லி., அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம், நாளைக்கு இரண்டு வேளை, இரண்டு வாரத்துக்குத்தான். நிறுத்துங்கள்; ருசி திரும்பிவிடும், கறையைச் சுத்தம் செய்யும்போது எடுத்துவிடலாம். எப்போதாவது திரும்ப எழுதிக்கொடுத்தால், பேஸ்ட்டால் விளக்கி அரை மணி நேரம் கழித்துக் கொப்பளியுங்கள். பேஸ்ட்டில் உள்ள நுரைப்பொருள் மருந்தின் வேகத்தைக் கெடுத்துவிடும். கொப்பளித்ததும் காபி, டீ குடித்தால் கறை இன்னும் வேகமாகப் பிடிக்கும்.

கே: என் மகனுக்கு 9 வயது. நாலு நாளாகக் காய்ச்சல். இன்று காலை ஈற்றில் தானாக ரத்தம் வந்தது.
– வாசகி, புதுவயல்

ப: இதழ் வரும்வரை காத்திருக்கக் கூடாத கேள்வி இது. காய்ச்சலோடு ஈற்றில் ரத்தம் என்றால் பல் மருத்துவரிடம் போகாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய் ரத்தத்தில் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையும் டெங்கு பரிசோதனையும் பாருங்கள். விடாத வயிற்றுவலி, திரும்பத் திரும்ப வாந்தி, கறுப்பாக மலம், பிள்ளை சோர்ந்து படுப்பது, கைகால் சில்லிடுவது இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. காய்ச்சல் இறங்குகிற நாளில்தான் டெங்கு முற்றும்; ‘காய்ச்சல் விட்டது’ என்று நிம்மதியாகிவிட வேண்டாம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், எடைக்கேற்ற அளவில். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் வேண்டவே வேண்டாம், ரத்தக்கசிவைக் கூட்டும்.

காய்ச்சல் இல்லாமலே, பிரஷ் படாமலே ரத்தம் கசிவது, ஈறு ஒரே மாதத்தில் பல்லை மூடுகிற அளவு வீங்குவது, தோலில் காரணமில்லாத நீலநிற ரத்தக்கட்டு, உடல் மெலிவு – இவை சேர்ந்து வந்தாலும் முதலில் ரத்தப் பரிசோதனைதான்.

கே: எங்கள் ஆயாவுக்கு 71. சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயத்துக்கு ஆஸ்பிரின் 75. நாள் பூராவும் வெற்றிலை. ஈற்றில் ரத்தம் வருவதால் ஆஸ்பிரினை நிறுத்தலாமா?
– வாசகி, கோட்டையூர்

ப: நிறுத்தக் கூடாது. ரத்தம் உறைவதைத் தடுக்கிற ஆஸ்பிரினோ குளோபிடோக்ரெலோ, இல்லாத நோயை ஈற்றில் உண்டாக்காது. இருக்கிற கசிவை நிற்கவிடாமல் சற்று நீட்டும், அவ்வளவுதான். காரை எடுப்பதற்குக்கூட ஆஸ்பிரினை நிறுத்தச் சொல்வது இப்போது வழக்கமில்லை. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர் என்றால் மட்டும் போவதற்கு முன் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை) பார்த்து, அறிக்கையைக் கையோடு கொண்டுபோக வேண்டும். ஆயாவின் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் இருந்தால் அதைச் சொல்லுங்கள். சிலருக்கு அது ஈற்றைத் தடித்து வளரவைக்கும். வலிப்புக்கான ஃபெனிடாயினும் அப்படித்தான்.

சர்க்கரைக்கும் ஈற்றுக்கும் கொடுக்கல் வாங்கல் இரண்டு பக்கமும் உண்டு. சர்க்கரை கட்டுப்படாவிட்டால் ஈறு ஆறாது. ஈற்றில் சீழ் இருந்தால் சர்க்கரை இறங்க மறுக்கும். ஈற்று நோய்க்கு முறையாகச் சிகிச்சை செய்தால் மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி அளவு சுமார் 0.4 சதவீதப் புள்ளி வரை குறைகிறது. கூடுதலாக ஒரு மாத்திரை போட்டதுபோல்.

வெற்றிலைதான் மனசைச் சங்கடப்படுத்துகிறது, ஆச்சிமார்களிடம் இதைச் சொல்வது எளிதல்ல. வெற்றிலையைவிடப் பாக்குதான் கேடு. புகையிலை சேராவிட்டாலும், புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதைச் சேர்த்திருக்கிறது. சுண்ணாம்பு ஈற்றைப் புண்ணாக்கி, காரைக்கும் வசதி செய்துகொடுக்கிறது. ஆயா எந்தக் கன்னத்தில் அடக்குகிறாரோ அந்தப் பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைத்திட்டு, சிவப்புத்திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், காரம் பட்டால் எரிச்சல், மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் நுழைக்க முடியாத இறுக்கம் – ஒன்று இருந்தாலும் உடனே காட்டுங்கள். காரைக்குடி அரசு மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது; மேல்சிகிச்சைக்குப் புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரி பக்கம்.

கே: மகள் ஐந்தாம் மாதம். வாந்தி நின்றது, இப்போது ஈற்றில் ரத்தம். நடு முன்பல்லுக்கு இடையில் சிவப்பாகக் கொட்டைபோல் சதை வேறு வளர்ந்திருக்கிறது. பிரசவம் முடியட்டும் என்கிறார்கள் வீட்டில்.
– வாசகி, கல்லல்

ப: காத்திருக்க வேண்டியதில்லை, நாலு முதல் ஆறு மாதம் வரை பல் சிகிச்சைக்கு வசதியான காலமே இதுதான். கர்ப்பகால ஹார்மோன்களால் அதே சின்னப் படலத்துக்கு ஈறு பெரிதாக ஆர்ப்பாட்டம் செய்கிறது. காரை எடுக்கலாம், மரத்துப்போகும் ஊசி போடலாம். அந்தச் சதை கர்ப்பக்கட்டி. பயமில்லை, பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் தானாகச் சுருங்கும். கடிபட்டு ரத்தம் வந்தால் மட்டும் எடுக்க வேண்டியிருக்கும். டாக்ஸிசைக்ளின் வகை கிருமிக்கொல்லி மருந்து கூடாது. வாந்தி திரும்ப வந்தால், எடுத்த கையோடு பல் விளக்க வேண்டாம். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி ஆப்பசோடா கலந்து கொப்பளித்து, அரை மணி நேரம் கழித்து விளக்கட்டும்.

கே: கறிச்சோறு சாப்பிட்டாலும் மாவுருண்டை தின்றாலும் ஒரே இடத்தில் சிக்கிக்கொள்கிறது. ஊக்கால் எடுத்தால் ரத்தம்.
– வாசகர், குன்றக்குடி

ப: ஊக்கு, குண்டூசி, விளக்குமாற்று ஈர்க்கு மூன்றையும் தூர வையுங்கள். ஒரே இடத்தில் சிக்குகிறது என்றால் அங்கே பல்லோடு பல் சேருமிடம் விட்டுப்போயிருக்கிறது: பக்கவாட்டுச் சொத்தை, உடைந்த அடைப்பு, அல்லது ஈறு இறங்கிய சந்து. காரணத்தைச் சரிசெய்யாமல் குத்திக்கொண்டே இருந்தால் சந்து பெரிதாகும். அதுவரை, பல் நெருக்கமான இடத்துக்கு ஃப்ளாஸ் நூல்: முழங்கையளவு எடுத்து இரண்டு நடுவிரலிலும் சுற்றி, அறுப்பதுபோல் முன்னும் பின்னுமாக மெதுவாக இறக்கி, ஒரு பல்லை அணைத்தபடி மேலே இழுத்து, அடுத்த பல்லுக்கும் அப்படியே. சட்டென்று அழுத்தி இறக்கினால் ஈற்றை வெட்டும். சந்து தெரிகிற இடத்துக்குப் பாட்டில் கழுவுகிற பிரஷ்ஷின் குட்டிபோல் இருக்கிற சந்து பிரஷ். சில அளவுகள் உண்டு. உள்ளே போகும்போது இழைகள் இரு பக்கமும் லேசாக உரச வேண்டும், கம்பி பல்லில் இடிக்கக் கூடாது. இடித்தால் ஒரு அளவு சின்னதாக வாங்குங்கள்.